காற்று, கட்டை, சங்கிலி

நாற்பத்தைந்து வயதிலே ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் தெருவில் பல விடைகள் உண்டு. பெண்ணின் மேற்படிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்கால வேளையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலகம் கெட்டுப்போன விதத்தை விஸ்தாரமாகப் பேச வேண்டும். கியர் வைத்த மலை ஸைக்கிள் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோத்தகிரி மலைப் பாதையில் மூச்சு இரைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. நான் அதைத்தான் செய்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்திற்குள் பாதை கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. மலையடிவாரத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு அந்த மலை தினந்தோறும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். "வா, பார்க்கலாம்!" என்று அது கூப்பிடுவது போல் எனக்குத் தோன்றியது. நாலு மாதம் பணம் சேர்த்து ஸைக்கிளை வாங்கினேன்.

வாங்கிய முதல் மாதத்தில் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. மணிக்கட்டில் வலி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயின, முழங்காலின் முன்புறத்தில் குத்தல். உட்காருகிற இடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. திங்கட்கிழமைகளில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். தலைமை ஆசிரியர் அதைக் கடமையுணர்ச்சி என்று எண்ணிப் பாராட்டினார்!

நோய்க்கு மருந்து கடையில் கிடைக்கும் என்பது நம்முடைய பொதுவான நம்பிக்கை அல்லவா? ஆகவே, தடித்த மெத்தை வைத்த சீட்டு ஒன்று வாங்கிப் பூட்டினேன். வலி அதிகமாயிற்று. கையுறை வாங்கினேன், கொஞ்சம் குறைந்தது. மேலும் என்ன வாங்கலாம் என்று விசாரிப்பதற்காகக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாக ஸைக்கிள் பழுது பார்க்கும் பெரியவரிடம் போனேன். அவர் என்னையும் வண்டியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"துணிதான் வாங்கியிருக்கிறீர்கள், வாத்தியாரய்யா! இன்னும் சட்டை தைக்கவில்லை" என்றார்.

நான் பட்டதாரி. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த விஷயம் எனக்கு விளங்குவதற்குச் சில மாதங்களும் ஒரு விபத்தும் வேண்டியிருந்தன.

எரிந்து போன கிரீஸ்

மலை ஸைக்கிள் என்பது ஏதோ பெரிய தொழிற்சாலையில் நிபுணர்கள் கூடி யோசித்துக் கண்டுபிடித்த யந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படிப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மரின் கவுண்டி என்று ஒரு மலைப் பிரதேசம் இருக்கிறது. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் ஸைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை உச்சிக்குக் கொண்டு போய், அங்கிருந்து மண் பாதையில் கீழே விட்டு விளையாடினார்கள். 1976-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, பேர்பாக்ஸ் என்ற ஊருக்கருகில் இதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான பாதை. அதற்குள் சுமார் 1,300 அடி இறக்கம்.

அந்தப் பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர். 'மறுபடியும் நிரப்புதல்' என்று அர்த்தம். எதை நிரப்புவது? கிரீஸைத்தான்! அந்தப் பழைய ஸைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின் சக்கரத்து ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். அவ்வளவு செங்குத்தான பாதையில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்து சேர்ந்ததும் ஹப்பைக் கழற்றிப் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் இந்தக் காரியத்துக்கென்றே ஒரு புதிய சட்டத்தை உருவாக்கினார். காரி பிஷர், சார்லி கெல்லி என்ற இருவர் 1979-இல் இத்தகைய ஸைக்கிள்களை விற்கத் தொடங்கினார்கள். சட்டங்களைச் செய்து கொடுத்தவர் டாம் ரிச்சி. 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்ததும், ஏராளமாகச் செய்யப்பட்டுச் சாதாரணக் கடைகளிலும் மலை ஸைக்கிள் கிடைக்கலாயிற்று. 1996-ஆம் வருஷத்து அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பந்தயமாகவும் இடம் பெற்றது.

இந்தச் சரித்திரத்தில் ஓர் உண்மை இருக்கிறது. மலை ஸைக்கிளுக்கு முன்னோடிகளாக இருந்தவர்கள் பணக்காரர்கள் அல்லர். கையில் ஸ்பானரும் நகத்தில் கிரீஸும் உள்ளவர்கள். அவர்களுடைய பந்தயத்தின் பெயரே ஒரு பராமரிப்பு வேலையின் பெயர். மலைக்குப் போகிறவன் தன் வண்டியைத் தானே கவனிக்க வேண்டும் என்பது, பிற்பாடு யாரோ சொன்ன உபதேசம் அன்று. அந்த வண்டியின் பிறவிக் குணம்.

துணியும் சட்டையும்

பெரியவர் முதலில் தொட்டது சீட்டின் உயரத்தைத்தான். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு வழக்கம் போல் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் சிறிதளவு மடங்கி நிற்கும். அதுவே சரியான உயரம். என்னுடைய சீட்டு மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது. கால் தரையில் எட்ட வேண்டும் என்ற பயத்தில் நானே தாழ்த்தி வைத்தது! சீட்டு தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும்; மிகவும் உயர்ந்தால் பின்புறம் வலிக்கும், இடுப்பும் இரு பக்கமும் ஆடும். வலிக்கிற இடத்தைக் கொண்டே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தபடி, அந்த மெத்தைச் சீட்டு. நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கு இடுப்பின் அடியில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தக்க அகலமும் கொஞ்சம் கெட்டித்தன்மையும் சீட்டுக்கு வேண்டும். மிகவும் மெதுவான சீட்டில் அந்த எலும்புகள் புதைந்து போய், பாரத்தைத் தாங்கக் கூடாத மென்மையான தசைகள் நசுங்குகின்றன. பத்து நிமிஷத்துக்குச் சொர்க்கம். ஒரு மணி நேரத்தில் நரகம். பழைய கெட்டிச் சீட்டையே திரும்பப் பூட்டி, அதைத் தரைக்குச் சமமாக நிறுத்தினார்.

விரல் மரத்துப் போனதற்குக் காரணம், உள்ளங்கையின் ஓரமாகச் சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு நசுங்கியது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னுக்குச் சறுக்கி, பாரம் முழுவதும் கையில் விழும். பிரேக் பிடிகளும் மிகவும் மேலே திரும்பியிருந்தன. கை நீட்டினால் முன்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே கோடாக இருக்கும்படி அவற்றைத் திருப்பி வைத்தார். இத்தனைக்கும் அவர் உபயோகித்தது ஒரு ஆலன் கீ. வாங்கிய கூலி ஒரு டீயின் விலை.

கடைசியாக டயரை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். நான் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்த அதிகபட்ச அளவுக்குக் காற்று அடித்து வைத்திருந்தேன். அச்சிட்டிருப்பது எல்லையே ஒழிய, கட்டளை அன்று. 2.1 அங்குல அகலமுள்ள டயரில் 70 கிலோ எடையுள்ள மனிதனுக்குத் தார் ரோட்டில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு போதும். கல்லும் மண்ணுமான பாதையில் 30 பவுண்டு வரை இறக்கலாம். அப்போது டயர் கல்லின் மேல் குதிக்காமல் கல்லைத் தழுவிக்கொண்டு போகும். மிகவும் குறைத்துவிட்டாலோ, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் அகப்பட்டு, பாம்புக் கடி போல் இரண்டு துவாரம் விழும். முன் போர்க்கில் காற்றுச் சுருள் வைத்த வண்டிகளுக்கும் இதே நியாயந்தான். ஏறி உட்கார்ந்ததும் போர்க் தன் மொத்த இயக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது நான்கில் ஒரு பங்கு அமுங்கி நிற்க வேண்டும். அமுங்காத போர்க் இரும்புத் தடி. மிகவும் அமுங்குவது தொட்டில்.

பற்களின் கணக்கு

கியரைப் பற்றி என் மாணவர்களுக்கு நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவது வழக்கம். நம்முடைய அப்பாமார்கள் ஓட்டிய சாதாரண ஸைக்கிளில் முன் சக்கரப் பல் 44, பின் சக்கரப் பல் 18 என்று வைத்துக் கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி சுமார் 5.4 மீட்டர் முன்னே போகும். சமதரைக்கு அது பிரமாதம். என்னுடைய மலை ஸைக்கிளில் முன்னால் உள்ள சிறிய பல் சக்கரம் 22; பின்னால் உள்ள பெரிய பல் சக்கரம் 34. ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 1.4 மீட்டர்தான் போகும். நான்கில் ஒரு பங்கு தூரம். ஆகவே ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இது மந்திரம் அன்று. ஐந்து படியாக ஏறுவதை இருபது படியாக வகுத்துக் கொள்வதுதான்.

இந்தச் சௌகரியத்தை உபயோகிக்கப் பலருக்கு வெட்கம். பெரிய கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதையே வீரம் என்று நினைக்கிறார்கள். முழங்கால்தான் அந்த வீரத்துக்கு வட்டி கட்டுகிறது. நிமிஷத்துக்கு எழுபது, எண்பது சுற்று என்று லேசாகக் கால் சுழலும்படி கியர் வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம். மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்ற வேண்டும்; மேட்டின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் சங்கிலி நறநறவென்று பல்லைக் கடிக்கும். மாற்றுகிற அந்த ஒரு விநாடி காலைத் தளர்த்தினால் போதும்.

சங்கிலியைப் பற்றியும் ஒரு பள்ளிக்கூட முறை இருக்கிறது. சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் அடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாயிருந்தால் சங்கிலிக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகும் வரை விட்டு வைத்தால், நீண்டுபோன சங்கிலி பல் சக்கரங்களையும் தின்றுவிட்டிருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான்.

எண்ணெய் விஷயத்தில் நாம் தாராள மனசுக்காரர்கள். சங்கிலி சொட்டச் சொட்ட எண்ணெய் விடுகிறோம். வெளிப்புறத்தில் நிற்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் சாணைக் குழம்பு. ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, மேலே உள்ளதைப் பழந்துணியால் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். அழுக்குச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, குளிக்காமல் சந்தனம் பூசிக்கொள்வது போன்றது.

ஒரு வளைவு

இவ்வளவும் கற்றுக்கொண்டு, வலியும் நீங்கி, 'இனி நமக்குத் தெரியாதது இல்லை' என்ற எண்ணம் வந்த பிறகுதான் விபத்து வந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணும் மலைக்கு வருவதாகச் சொன்னாள். பெரியப்பா மகனிடமிருந்து கியர் ஸைக்கிள் ஒன்றைக் கடன் வாங்கினாள். பாதி மலை வரை ஏறிவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. புறப்படுவதற்கு முன் அவளுடைய வண்டியை ஒரு மணி நேரம் பரிசோதித்தேன். சீட்டைத் தைத்துக் கொடுத்தேன், காற்றை அளந்தேன், பிரேக்கின் வட்டத் தகட்டை நானே துடைத்தேன், ஹெல்மெட்டின் வாரைத் தாடையின் கீழ் இழுத்துப் பார்த்தேன். என் வண்டியை நான் பார்க்கவில்லை. தினமும் ஓட்டுகிற வண்டிதானே?

என்னுடைய பிரேக் கம்பியால் இழுக்கப்படுவது. கட்டை தேயத் தேயப் பிடி நெருங்கி வரும். இரண்டு மாதமாக அப்படி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கம்பியை இறுக்கும் சிறு திருகை நாலு சுற்று சுற்றிவிட்டு, சரிப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தேய்ந்தது கட்டை, நான் திருகியது கம்பி! உள்ளே கட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. மழைக்காலத்துச் சேறு மணல் காகிதம் போல அதைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

திரும்பி இறங்கத் தொடங்கினோம். நான் முன்னால், அவள் பின்னால். இரண்டு வளைவு கடந்ததும், "அப்பா! உங்கள் ஸைக்கிள் கீச்சென்று கத்துகிறதே!" என்றாள். "பனி ஈரம், தானாகச் சரியாகிவிடும்" என்று பதில் சொன்னேன். கேள்விக்கு விடை தெரியாத வாத்தியார் எப்படிப் பதில் சொல்வாரோ, அப்படி.

மூன்றாவது வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். இரும்போடு இரும்பு உராயும் சத்தம் கேட்டது, வேகம் குறையவில்லை. பின் பிரேக்கைப் பிடித்தேன். பிடி ஹாண்டில் பாரிலேயே வந்து முட்டியது. யோசிப்பதற்கு நேரம் இல்லை. மலைப் பக்கத்து மண் திட்டில் வண்டியைத் திருப்பினேன். புல்லும் மண்ணுமாக விழுந்து கிடந்தபோது, அந்த வளைவைச் சுற்றிக்கொண்டு ஒரு பஸ் மேலே ஏறி வந்தது. எனக்கும் அதற்கும் இடையில் பத்தடி இருக்கும். பஸ் டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். நல்ல வார்த்தையாக இருந்திருக்க முடியாது.

தோளில் சிராய்ப்பு; ஹெல்மெட்டில் ஒரு விரிசல். வேறொன்றும் இல்லை. என் பெண் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளுடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன். மிச்சத் தூரம் முழுவதும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

பெரியவர் அந்தக் கட்டைகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முன் கட்டையில் உராயும் பொருள் துளிக்கூட இல்லை, வெறும் தகடு. பின் கட்டையில் காகிதக் கனம். அது ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றிவிட வேண்டுமாம். புதிய கட்டைகளின் விலை, இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகம் இல்லை. "மலை ஏறும்போது கால் வலித்தால் இறங்கி நிற்கலாம், வாத்தியாரய்யா! இறங்கும்போது பிரேக் இல்லையென்றால் எங்கே நிற்பீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தடவை தெரியாது என்றே ஒப்புக்கொண்டேன்.

இறங்கும் முறையையும் அன்று சொல்லிக் கொடுத்தார். நெடுகப் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. சூடேறி அதன் சக்தி குறைந்துவிடும். வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். நிற்க வைக்கும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். பின்னதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கரடுமுரடான இடத்தில் இரண்டு பெடலையும் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிரேக் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது. விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது. எண்ணெயால் இயங்கும் பிரேக் உள்ளவர்கள், கம்பெனி சொன்ன எண்ணெயைத் தவிர வேறொன்றை ஊற்றக் கூடாது. ஒன்றுக்குரியது மற்றொன்றின் ரப்பரைக் கெடுத்துவிடும்.

இன்னும் ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். மலைப் பாதையில் காட்டெருமைகளும் யானைகளும் நமக்கு முந்திய குடிகள். காட்டுக்குள் பிரியும் மண் பாதைகள் பல வனத்துறையின் காப்புக் காட்டைச் சேர்ந்தவை. அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. நல்ல டயர் இருப்பதனால் எல்லாப் பாதையும் நம்முடையதாகிவிடாது.

அந்த விபத்துக்குப் பிறகு என் பெண் மலைக்கு வரமாட்டாள் என்று எண்ணினேன். இரண்டு வாரம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம், கையில் பழந்துணியும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு என் ஸைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். சங்கிலியை அளந்தாள். "நாளைக்குப் போகலாம்" என்றாள்.

இப்பொழுதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வருகைப் பதிவு நடக்கிறது. வாத்தியார் அவள், மாணவன் நான்.

"காற்று?"

"இருக்கிறது."

"கட்டை?"

"பார்த்துவிட்டேன்."

"சங்கிலி?"

"துடைத்தாயிற்று."

"பார்த்தீர்களா, அல்லது சும்மா சொல்கிறீர்களா?" என்று அவள் கேட்கிறாள். நான் மறுபடியும் குனிந்து பார்க்கிறேன்.